வாக்கு எங்களிடமே இருக்கட்டும்: ஹார்ட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் கால்பந்துக் கழகத்தின் இயக்குநர் குழுவுக்கும், ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஃபவுண்டேஷன் என்ற ரசிகர் அமைப்பின் வழியாக மாதாமாதம் பணம் கட்டி, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் இந்தக் கழகத்தைத் தாங்கும் ஏறத்தாழ 8,000 பேரில் நானும் ஒருவன். இங்கிலாந்தின் பிரைட்டன் கழக உரிமையாளர் டோனி ப்ளூமின் முதலீட்டை ஏற்கலாமா என்று 2025இல் நீங்கள் கேட்டபோது ஆதரவாகத்தான் வாக்களித்தேன். முடிந்துபோன அதைக் கிளறுவதற்காக எழுதவில்லை. இதற்கு அடுத்த படி என்று ஒன்று எப்போதாவது வரும் அல்லவா, அதைப் பற்றி இப்போதே பேசிவிடலாம் என்று தோன்றியது.

அவர் கொடுத்தது 98.6 லட்சம் பவுண்டு. அதற்குக் கைமாறாக 29 சதவீதப் பங்கு. ஆனால் அந்தப் பங்குகளுக்கு வாக்குரிமை கிடையாது. வாக்குரிமையில் 75.1 சதவீதம் இன்றும் ஃபவுண்டேஷனிடம், அதாவது எங்களிடம். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. பிரைட்டனை அவர் எங்கிருந்து எங்கே கொண்டுவந்தார் என்று பார்த்திருக்கிறோம். அவர் பணம் போட்டிருந்த பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸ் 2025இல் 90 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றதையும் பார்த்தோம். ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்க அவருடைய ஆட்கள் தரும் புள்ளிவிவரம் நமக்கும் கிடைக்கிறது. நல்லதுதான்.

என் கவலை வேறு. ஆட்டம் முடிந்து கோர்கி சாலையில் நடக்கும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "பெரிய பணம் வந்தாச்சு, இனி நம்ம பத்து பவுண்டு எதுக்கு?" இன்றைக்கு ரசிகர்கள் இப்படிப் பேசுகிறார்கள். நாளைக்கு இயக்குநர் குழு அறையிலும் இதே பேச்சு வரலாம். "இன்னும் கொஞ்சம் முதலீடு வேண்டும், அதற்குக் கொஞ்சம் வாக்குரிமை கொடுத்தால் என்ன?" என்று யாராவது ஆரம்பிப்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நம் வரலாற்றில் காப்பாற்ற வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2004இல் அப்போதைய நிர்வாகம் கடனை அடைக்க நம் சொந்த மைதானமான டைன்காஸிலையே விற்றுவிட்டு, பக்கத்தில் இருக்கும் மர்ரேஃபீல்டு ரக்பி மைதானத்துக்கு வாடகைக்குப் போகத் திட்டமிட்டது. யூஇஎஃப்ஏ கோப்பை ஆட்டங்களை ஏற்கெனவே அங்கேதான் ஆடினோம். 67,000 பேர் உட்காரக்கூடிய அந்த இடத்தில் நம் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. டைன்காஸிலில் அப்படி இல்லை. பக்கவாட்டுக் கோட்டில் த்ரோ எறிய வருபவரின் மூச்சிரைப்புகூட முன்வரிசைக்குக் கேட்கும். காற்று திரும்பினால் பக்கத்து விஸ்கி ஆலையிலிருந்து தானியம் வேகும் வாடை வந்து மூக்கில் ஏறும். அதை விற்கிறோம் என்றதும் ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அப்போதுதான் லிதுவேனியத் தொழிலதிபர் விளாதிமிர் ரோமனோவ் கழகத்தை வாங்க வந்தார். மைதானம் இங்கேயே இருக்கும் என்றார். வாரி அணைத்துக்கொண்டோம். முதல் சில மாதங்கள் சொர்க்கம்தான். ஜார்ஜ் பர்லியின் பயிற்சியில் 2005-06 சீசனின் முதல் எட்டு லீக் ஆட்டங்களிலும் வெற்றி. அப்புறம் அக்டோபரில், ஒரு தோல்விகூடக் காணாமல் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே, ரோமனோவுடன் ஒத்துப்போகாமல் பர்லி வெளியே போனார். அன்றைக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த சீசனில் ரேஞ்சர்ஸை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தோம், க்ரெட்னாவைப் பெனால்டியில் வென்று ஸ்காட்டிஷ் கோப்பையும் எடுத்தோம். உண்மைதான். ஆனால் பர்லி இருந்திருந்தால் என்ற கேள்வியை இருபது வருடமாகியும் இந்த ஊரில் யாரும் விடவில்லை, நான் உட்பட.

2012 மே 19ஐ நான் மறப்பதாக இல்லை. ஹேம்ப்டன் மைதானத்தில் நடந்த ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில், நம் ஊர்ப் போட்டிக் கழகமான ஹிப்ஸை 5-1 என்று அடித்தோம். ஸ்காசெல் இரண்டு கோல். கோப்பையைத் தூக்கிய அணித் தலைவர் மாரியஸ் ஸாலியூகஸ் 2020இல், 36 வயதிலேயே இறந்துபோனார். அந்த முகத்தை நினைக்காமல் அந்த நாளை நினைக்க முடிவதில்லை. ஆனால் ரோமனோவின் கீழ் அதே சீசனில்தான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. ஆறே மாதத்தில், நவம்பரில், செயின்ட் மிர்ரனுடன் ஆடவிருப்பது நம் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று கழகமே அறிக்கை விட்டது. வரி பாக்கி மட்டும் ஏறத்தாழ 4.5 லட்சம் பவுண்டு. பங்கு வாங்குங்கள் என்று கேட்டார்கள், வாங்கினோம். 2013 ஜூனில் கழகம் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. சீசன் டிக்கெட் வாங்காவிட்டால் வண்டி ஓடாது என்றார்கள், அதையும் வாங்கினோம்.

அடுத்த சீசனை 15 புள்ளி அபராதத்தோடு, புதிய ஆட்டக்காரர்களை எடுக்கவும் தடையோடு, பெரும்பாலும் பொடியன்களை வைத்து ஆடி, கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். அந்த நிலையிலும் அதே பொடியன்கள் ஹிப்ஸைப் பலமுறை அடித்தார்கள், கடைசியில் ஹிப்ஸும் கூடவே இறங்கியது என்பது வேறு கதை. சரி, அதை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

2014இல் தொழிலதிபர் ஆன் பட்ஜ் 25 லட்சம் பவுண்டு போட்டுக் கழகத்தை வாங்கினார். அவரும் காப்பாற்ற வந்தவர்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் வரும்போதே, இதை ஒருநாள் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு வந்தவர் அவர். 2021 ஆகஸ்ட் 30 அன்று கொடுக்கவும் செய்தார். இடையில் புதிய மெயின் ஸ்டாண்டு கட்டியபோது இருக்கைகளை நேரத்துக்கு ஆர்டர் செய்ய மறந்துவிட்டார்கள் என்பதைக்கூட மன்னித்துவிட்டோம். சில மாதம் மர்ரேஃபீல்டில் ஆடிவிட்டு 2017 நவம்பரில் வீடு திரும்பினோம்.

2020ஐயும் சொல்ல வேண்டும். எட்டு ஆட்டங்கள் மீதமிருக்க, நாலே புள்ளி பின்தங்கியிருந்த நம்மைக் கொரோனாவைக் காரணம் காட்டி வாக்கெடுப்பு நடத்திக் கீழே இறக்கினார்கள். மைதானம் பூட்டிக் கிடந்தது. பார்க்க ஆட்டமே இல்லாத அந்த மாதங்களிலும் எங்கள் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. எந்த முதலீட்டாளரிடம் இதை எதிர்பார்க்க முடியும்?

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். 1986 மே 3 அன்று, சீசனின் கடைசி லீக் ஆட்டத்துக்கு, டண்டீ கழகத்தின் மைதானமான டென்ஸ் பார்க்கில் இருந்தவர். தோற்காமல் இருந்தால் போதும், லீக் நம்முடையது. வேறொரு மைதானத்தில், பட்டத்துக்கு நம்மோடு போட்டியிட்ட செல்டிக் கோல் மழை பொழிவதை ஆளாளுக்கு ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசி பத்து நிமிடத்துக்குள் டண்டீயின் ஆல்பர்ட் கிட் இரண்டு கோல் போட்டுக் கதையை முடித்தார். அதற்கு அடுத்த வாரம் கோப்பை இறுதியாட்டத்திலும் அபர்டீனிடம் 3-0. அந்த சீசன் தொடங்கி 2025 வரை 40 லீக் பட்டங்கள், நாற்பதும் கிளாஸ்கோவின் இரண்டு கழகங்களான செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்குமே. "பட்டம் வேண்டாமா?" என்று பெரியவரிடம் கேட்டேன். கையிலிருந்த இறைச்சிப் பை (pie) பலகாரத்தைக் கடித்துக்கொண்டே, "வேணும்தான். ஆனா அதுக்காக மறுபடியும் ஒருத்தன்கிட்ட சாவியைக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அதனால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கிறேன். ப்ளூமின் பங்குகளுக்கு எந்தக் காலத்திலாவது வாக்குரிமை தரும் யோசனை வந்தால், பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டு 'ஆம், இல்லை' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அவர் அந்தப் பங்குகளை வேறொருவருக்கு விற்க விரும்பினால் என்ன நடக்கும், நம்மால் தடுக்க முடியுமா என்பதை வழக்கறிஞர் பாஷையில் இல்லாமல் ஒரே பக்கத்தில் விளக்குங்கள். மாதம் கட்டும் பணம் ஒவ்வோர் ஆண்டும் எந்தெந்தச் செலவுக்குப் போனது என்று தனியாகக் காட்டுங்கள். "பத்து பவுண்டு எதுக்கு?" என்பவர்களுக்கு நான் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் பதில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கூட்டத்திலேயே எழுந்து கேட்பேன். பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் என்னைவிடச் சத்தமாகப் பேசுவார்.

இப்படிக்கு,
கோர்கி ஸ்டாண்டிலிருந்து ஓர் உறுப்பினர்