ஃப்ளாய்ட் க்ரேமரின் வழுக்கு சுரம்: கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளில் பியானோ ஏன் அப்படி இழைகிறது, அதை எப்படி வாசிப்பது என்று கேட்டிருந்தாய். அதற்கு ஃப்ளாய்ட் க்ரேமர் என்ற பியானோ கலைஞர் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

1933இல் லூசியானாவில் பிறந்தவர். வளர்ந்தது ஆர்கன்சாவில் ஹட்டிக் என்ற மர ஆலைச் சிற்றூரில். பியானோ கேள்வி ஞானம்தான். 'லூசியானா ஹேரைடு' வானொலி நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு 1955இல் கன்ட்ரி பாட்டுகள் பதிவாகும் ஊரான நாஷ்வில் போனார். அடுத்த ஜனவரியில் எல்விஸின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதிவாகிறது, பியானோ க்ரேமர். அப்புறம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஓட்டம். அங்கே ஒரு செஷன் மூன்று மணி நேரம்; அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். கார்டுகளை, அவை ஸ்கேலின் எத்தனையாவது சுரத்தில் தொடங்குகின்றன என்று பார்த்து, 1, 4, 5 என்று எண்ணாகக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அந்த ஊரில் வளர்ந்தது இதனால்தான். பாடுகிறவர் சுருதியை இறக்கச் சொன்னாலும் தாள் மாறாது. நீயும் எண்ணில் யோசித்துப் பழகு, சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை மற.

அந்த இழைப்பு, அதாவது கீழ்ச் சுரத்தைத் தொட்டு உடனே அடுத்த சுரத்துக்கு வழுக்கும் 'வழுக்கு சுரம்', அவர் கண்டுபிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் டான் ராபர்ட்சன் என்ற பாடலாசிரியர் அதற்கு முன்பே தன் பாட்டுக்கான மாதிரிப் பதிவில் அப்படி வாசித்திருந்தார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் க்ரேமரிடம் அதையே வாசிக்கச் சொன்னார்; ஹாங்க் லாக்லின் 1960இல் பாடிய அந்தப் பாட்டு பெரிய ஹிட். அதே ஆண்டு க்ரேமர் தன் பெயரில் வெளியிட்ட 'லாஸ்ட் டேட்' அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தவர் எல்விஸ்!

இனி கைக்கு வா. சி மேஜர் கார்ட். வலது கைச் சுண்டுவிரல் ஜியில், ஆள்காட்டி விரல் டியில். இரண்டையும் ஒன்றாக அழுத்து. உடனே நடுவிரலால் இயை அழுத்தி, டியை விடு. ஜி அசையக் கூடாது. எஃப் கார்டுக்கு ஜியிலிருந்து ஏ, மேலே சி. ஜி கார்டுக்கு ஏயிலிருந்து பி, மேலே டி. பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒரு கம்பி நிற்க இன்னொன்று ஏறுமே, அதே வேலை. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் இது வராது: அது மேல் சுரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

மூன்று இடத்தில் கெடும். டி நீண்டால் தனிச் சுரமாகிவிடும்; அழுத்தம் டியில் விழ வேண்டும், இருப்பு இயில். ஒலியை நீட்டும் கால் பெடலை முன்பே மிதித்திருந்தால் டியும் இயும் கலந்து அழுக்காகும். இ வந்தபின் மிதி. மூன்றாவது, ஒற்றை விரலால் சறுக்குவது. கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்கு அது முடியும், ஆனால் அரை ஸ்டெப்தான் (பக்கத்துக் கட்டை வரைதான்) கிடைக்கும், ப்ளூஸ் வாடை வந்துவிடும். இங்கே முழு ஸ்டெப் (இரண்டு அரை ஸ்டெப்) வேண்டும். டி கார்டில் இயிலிருந்து எஃப் ஷார்ப், வெள்ளையிலிருந்து கறுப்பு. இரண்டு விரல் இல்லாமல் நடக்காது.

இடது கை ஆதார சுரமும் ஐந்தாம் சுரமுமாக அடக்கமாக இருக்கட்டும். மெட்ரோனோமை 60இல் வைத்து 1, 4, 5 (சி, எஃப், ஜி) மூன்றிலும் வழுக்கு சுத்தமாக விழும்வரை வேகம் கூட்டாதே.

அடுத்து கன்ட்ரி பாடகி பேட்ஸி க்ளைன் 1961இல் பாடிய 'க்ரேஸி'யை ஹெட்போனில் கேள். பியானோ க்ரேமர்தான். பாட்டு வரி ஓடும்போது எவ்வளவு ஒதுங்குகிறார், வரி முடிந்த இடைவெளியில் எத்தனை சுரம் வைக்கிறார் என்று தாளில் குறித்து அனுப்பு. மேற்கொண்டு அதை வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்