நிற்கும் மரத்தை முதலில் காப்போம்

ஐயா,

நகரச் சாலைகளை அகலப்படுத்தும்போதெல்லாம் 'பணி முடிந்ததும் மரக்கன்று நடுவோம்' என்கிறார்கள். நடட்டும், ஆனால் நிற்கிற மரத்தைக் காப்பதுதான் முதல் வேலை. மரத்துக்கு நீர் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். அங்கே பொக்லைன் ஏறி இறங்கினால் மண் இறுகி, காற்றும் நீரும் உள்ளே போகாது. இலை உடனே வாடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மரம் பட்டுப்போகும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அடிமரம் வரை சிமென்ட் பூசுவது இன்னொரு கொடுமை.

தோண்டும் முன்பே மரத்தைச் சுற்றி வேலி போட வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்துச் சரிவுகளில் திரும்பப் பரப்பினால், புல்லும் செடியும் சீக்கிரம் பிடிக்கும். இதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான தொகையும் ஒதுக்க வேண்டும்.

மேம்பாலங்களிலும் அப்படித்தான், கட்டும் முன்பே யோசிக்க வேண்டும். தென்கொரியாவின் சியோல் நகரில் ஓடையை மூடி எழுப்பிய உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் சோங்கேச்சோன் ஓடையை மீட்டெடுத்தார்கள். கட்டிவிட்டு இடிப்பானேன்? ஜன்னலுக்கு நேரே தூண் எழும் முன்பே, அங்கே குடியிருப்பவர்களுக்கு அதன் மாதிரிப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

- வாசகர் ஒருவர்