வாரம் ஒரு வரி அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னணுச் சாட்சியங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்தில் கோப்போடு கொடுக்கும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும் என்று சரியாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு எழுத்து வரிசை, கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும். அது எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு நேர முத்திரை வேண்டும்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சில பட்டறைகளுக்காக அப்படி நேர முத்திரை கொடுக்கும் ஒரு சர்வரை நடத்துகிறேன். உதிரிபாகத்தின் வரைபடத்தை யாரும் எனக்கு அனுப்புவதில்லை, 64 எழுத்துள்ள ஹாஷ் மட்டும் வரும். அதோடு நேரத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்து, டிஜிட்டல் கையொப்பமிட்டு சர்வர் திருப்பி அனுப்பும். ஒட்டிய கவர்மேல் தபால் முத்திரை குத்துவது மாதிரிதான். நாளைக்கு 'யார் முதலில் வரைந்தது' என்று தகராறு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

கடிகாரம் தவறினால் எல்லாம் போச்சு. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்துப் பேணும் இந்திய நேரத்தோடுதான் எங்கள் சர்வர் ஒத்துப் பார்க்கும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அங்கிருந்து பதில் வரவில்லை. உடனே சர்வர் 'நேரம் கிடைக்கவில்லை' என்று சொல்லி முத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டது. "ரெண்டு செகண்ட் முன்னப் பின்ன இருந்தா என்னங்க, போட்டு விடுங்க" என்று போனில் கெஞ்சினார் ஒருவர். டெண்டருக்கு மதியம்தான் கடைசி. மனசு கஷ்டமாக இருந்தது, ஆனாலும் போடவில்லை. ஒரு முத்திரை பொய்யானால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

ஆனால் என் நேர்மையை மட்டும் நம்பி இது நடக்கக் கூடாது. கடிகாரமும் என் கையில், கையொப்பச் சாவியும் என் கையில். நினைத்தால் போன மாதத் தேதியை இன்றைக்குப் போட முடியும்.

இதற்கு வழியைக் கணினி ஆய்வாளர்களான ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் 1991-லேயே எழுதிவிட்டார்கள்: ஒவ்வொரு முத்திரையிலும் முந்தைய முத்திரையின் ஹாஷைச் சேர்த்து, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துவிட வேண்டும். அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், ஒரு வாரத்து முத்திரைகள் அனைத்தையும் ஒரே ஹாஷாக்கி, 1995 முதல் நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் வாராவாரம் அச்சிட்டது. வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பேப்பரை யாரால் திருத்த முடியும்? நூலகக் கட்டிலும் ஒரு பிரதி இருக்குமே.

எங்கள் வாரத்து ஹாஷையும் அப்படி அச்சிட ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் கேட்டுப் பார்த்தேன். பொருளில்லாத எழுத்துகளைப் போட முடியாது என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிறு தோறும் ஒரு வரி போதும், கட்டணம் கட்டிவிடுகிறேன். 64 எழுத்தில் ஒன்றுகூட மாறாமல் அச்சாக வேண்டும், அப்புறம் அந்த இதழில் ஒரு பிரதியை நீங்களும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீளமேடு, கோவை.