பூங்காவில் ஒரு சுவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான உடற்பயிற்சிகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நடை, யோகா, நீச்சல் எல்லாம் இருந்தது, டென்னிஸ் இல்லை. கூட ஆட ஆள் வேண்டும், கோர்ட் வேண்டும், கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால் விட்டுவிட்டீர்களோ என்னவோ. எனக்கு 52 வயது. இந்த மூன்றும் இல்லாமல்தான் மூன்று வருடமாக ஆடுகிறேன். எனக்குக் கிடைத்தது ஒரு சுவர்.

எங்கள் குடியிருப்பில் மோட்டார் ரூமின் பின்பக்கச் சுவர் அது. ஜன்னல் கிடையாது, முன்னால் சிமென்ட் தரை. டேப் வைத்து அளந்து 3 அடி உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். டென்னிஸ் வலையின் நடுப்பகுதி அந்த உயரம்தான். கோட்டுக்கு ஒரு சாண் மேலே பந்து பட வேண்டும் என்று கணக்கு. முதல் நாள் சேர்ந்தாற்போல் நாலு தடவைகூட அடிக்க முடியவில்லை. ஓங்கி அடித்தால் பந்து அதே வேகத்தில் திரும்பி என் மேலே பாய்கிறது. அப்புறம்தான் பிடிபட்டது. இன்னும் பத்தடி தள்ளி நின்று, பந்தை இரண்டு முறை தரையில் எழும்ப விட்டு, தோளைத் திருப்பி நிதானமாக அடிக்க வேண்டும். இப்போது வலப்பக்கம் அறுபது வரை எண்ணுகிறேன். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்ட் இன்னும் பதினைந்தைத் தாண்டவில்லை. இருபது நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும்.

புதுப் பந்து தேவையில்லை. டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே பந்துக்குள் காற்றழுத்தம் குறையத் தொடங்கிவிடும். கிளப்புகளில் கழித்துப்போடும் பழைய பந்து தணிந்து எழும்பும், கற்றுக்கொள்பவருக்கு அதுதான் தோது. தெரு கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான பந்து மட்டும் வேண்டாம். ஷூவிலும் கவனம் தேவை. நடைக்கு வாங்கிய மெத்தென்ற ஷூவோடு பக்கவாட்டில் ஓடி, கணுக்கால் பிசகிப் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வீட்டுப் பையன் ஒருநாள், "யாரு கூட ஆன்ட்டி விளையாடுறீங்க?" என்று கேட்டான். "சுவரு கூடடா" என்றேன். மறுநாள் அப்பாவின் பழைய மட்டையோடு வந்து நின்றான். அதன் பிறகு இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் இதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டொக் டொக்கென்ற சத்தம் மேல்வீட்டுப் படுக்கையறை வரை கேட்கிறதாம். அவர்கள் சொல்வதும் நியாயம்தான், அங்கே படுத்திருப்பவர் வயதானவர். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் நாளை முதல் வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் டென்னிஸ் போட்டி நடந்தது. ஜனவரியில் டிக்கெட் வாங்கிப் போய்க் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அன்று கேலரியில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது மட்டையைப் பிடித்திருப்போம்? 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நம் நாகர்கோவிலில். இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு டென்னிஸ் இன்னும் எட்டி நின்று பார்க்கிற ஆட்டமாகவே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாநகராட்சிப் பூங்காக்களில் எட்டுப் போட்டு நடக்கப் பாதை அமைத்துத் தருகிறார்கள், இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள் வைக்கிறார்கள். அவற்றோடு, வீடுகளை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் 10 அடி உயரம், 20 அடி அகலத்தில் ஒரு சுவரும், அதன் முன்னால் 30 அடி சிமென்ட் தரையும் போதும். வலை வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம். தனியாக வரும் பெண்ணுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் ஆட ஓர் இடம் கிடைக்கும். உங்கள் இதழ் இதை ஒருமுறை அதிகாரிகளின் காதில் போட வேண்டும். எங்கள் பகுதியில் கட்டினால், கோடு போடும் பெயின்ட்டை நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலையூர், சென்னை