தடகள கிளப் 2023–24 ஆண்டறிக்கை: பொதுக்குழுவுல செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பாரு, சந்தா பாக்கி இருக்கறவங்க அவரைப் பாத்துடுங்க. காலைப் பயிற்சி இந்த வருஷமும் நிக்கல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கிரவுண்டுக்கு வந்து பசங்களுக்கு சொல்லிக்குடுத்த சீனியருங்க எல்லாருக்கும் நன்றி.

இந்த வருஷத்துல நமக்கெல்லாம் பெரிய நாள் அக்டோபர் 2. ஹாங்சோ ஆசியப் போட்டியில 400 மீட்டர் தடை ஓட்டம் ஹீட்ஸ்ல, அதாவது முதல் சுத்துல, நம்ம கோயமுத்தூர் பொண்ணு வித்யா ராம்ராஜ் 55.42 செகண்ட்ல ஓடினாங்க, அது 1984ல பி.டி. உஷா லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஓடின அதே டைம், 39 வருஷமா இந்தியாவுல ஒருத்தரும் முறியடிக்காத ரெக்கார்டு. மறுநாள் ஃபைனல்ல வெண்கலம். லாரி டிரைவர் மகள்ங்க, கூடப் பொறந்த இரட்டை நித்யாவும் அதே ஹாங்சோவுல 100 மீட்டர் தடை ஓட்டம் ஓடினாங்க.

நம்ம பசங்கள்ல நிறைய பேருக்கு உஷான்னா பேர் மட்டும்தான் தெரியுது, அதனால மாசக் கூட்டத்துல அவங்க கதைய உக்கார வெச்சு சொன்னோம். கோழிக்கோடு பக்கம் பய்யோளி. 1976ல கேரள அரசு கண்ணூர்ல பொண்ணுங்களுக்குன்னு ஸ்போர்ட்ஸ் டிவிஷன் ஆரம்பிச்சப்ப அதுல சேந்தவங்க, அங்க கோச் நம்பியார் சார் கண்ணுல பட்டாங்க, கடற்கரை மணல்லயே ஓடிப் பழகி 16 வயசுல மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். பொண்ணுங்களுக்கு 400 தடை ஓட்டம் ஒலிம்பிக்ஸ்ல வந்ததே 1984லதான், உஷா அந்த ஈவென்ட்டுக்கு மாறியும் ரொம்ப நாள் ஆகல, ஆனாலும் செமி ஃபைனல்ல முதலிடம். ஃபைனல்ல ஒருத்தர் ஃபால்ஸ் ஸ்டார்ட் பண்ணி ஓட்டத்த திரும்ப ஆரம்பிச்சாங்க, கடைசியில ருமேனியாவோட கோஜோகாரு 55.41ல வெண்கலம், உஷா 55.42. நாலாவது இடம். இத சொன்னப்ப பொண்ணுங்க அப்படியே அமைதியாயிட்டாங்க, ஒரு சின்னப் பொண்ணு மட்டும் "ஃபினிஷ் லைன்ல நெஞ்ச முன்னாடி குடுக்கலையா அக்கா"ன்னு கேட்டா, சரியான கேள்வி, உஷாவே அதச் சொல்லி வருத்தப்பட்டிருக்காங்க.

ஆனா என்னைக் கேட்டா அவங்களோட நிஜமான பெருமை அதுக்கப்புறம்தான். 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்ல 5 தங்கம் 1 வெண்கலம், 1986 சியோல் ஆசியப் போட்டியில 4 தங்கம் 1 வெள்ளி. மெடல் போனவங்க முடங்கிப் போகலைங்க, அடுத்த வருஷமே ஆசியாவ ஜெயிச்சாங்க. 2002ல சொந்தமா தடகளப் பயிற்சி ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, 800 மீட்டர் ஓடற டின்டு லுக்கா அங்க உருவானவங்கதான். 2022ல இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர்.

இப்ப அடுத்த வருஷத்து விஷயம். 55.42 நம்ம ஊர்ப் பொண்ணு காலுக்கு வந்தாச்சு, நம்ம கிரவுண்டுலயோ ஹர்டில்ஸ் கிடையாது. இரண்டரை அடி உயரத்துல 10 தடை, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல 35 மீட்டர், அதுல எத்தனை ஸ்டெப் வெக்கணும் எந்தக் கால முதல்ல தூக்கணும்னு சின்ன வயசுலயே உடம்புல ஏறணும், வெறும் ஓட்டம் மட்டும் ஓடிட்டு இருந்தா வராது. அதனால இந்த வருஷ நன்கொடைய முதல்ல பொண்ணுங்க ஹர்டில்ஸ் செட்டுக்கு ஒதுக்கணும்னு முன்மொழியறேன், சீருடை டிராக் சூட் எல்லாம் அப்புறம் பாக்கலாம். யாராவது வழிமொழியுங்க.