பெரியபாளையம் சாலையில் நடப்பவர்களுக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையிலிருந்து வடக்கே போகும் சாலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜி.என்.டி. சாலைக்கு (கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு) 5 என்றிருந்த தேசிய நெடுஞ்சாலை எண் 16 ஆனதுவரை விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் காரனோடை தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் பிரிந்து, மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர், பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டை போகும் சாலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வடசென்னைக்காரர்களுக்கு அது பெரிய குறை.

அந்த வழி பழையது என்பதற்கு பெரியபாளையம் பவானியம்மன் கோயில் கதையே சாட்சி. சென்னையில் வளையல் வாங்கிக்கொண்டு ஆந்திரப் பக்கம் திரும்பிய வியாபாரி ஒருவர், அசதியில் வேப்பமரத்தடியில் படுத்தார். எழுந்து பார்த்தால் மூட்டையைக் காணோம், புற்றுக்குள் போய்விட்டது. அப்புறம் அம்மன் கனவில் வந்தாள் என்பார்கள். நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் சரக்கும் கையுமாக ஆட்கள் நடந்து போன தடம் அது என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

எங்கள் பாட்டி காலத்தில் ஆடி பிறந்தால் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்து கூண்டு வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். அண்டா, அரிசி, விறகு, காலைக் கட்டிய சேவல் எல்லாம் வண்டிக்குள். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். செங்குன்றத்தில் மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டிவிட்டு மறுபடியும் பூட்டுவார்கள். ஆரணியாற்று மணலில் பொங்கல் வைத்து, வேப்பிலையை ஆடையாகச் சுற்றி, அதாவது வேப்பஞ்சேலை கட்டி, கோயிலைச் சுற்றி வந்தால்தான் வேண்டுதல் தீரும்.

நகரத்துக்குக் கிருஷ்ணா தண்ணீர் வருவதும் அந்தத் திக்கிலிருந்துதான். 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1996-இல் கால்வாய் தமிழக எல்லைக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட்டைத் தாண்டித் தண்ணீர் வந்தது.

இன்றும் ஆடியில் தொடங்கிப் பதினான்கு வாரம் திருவிழா நடக்கிறது. மஞ்சள் துணி கட்டிய பெண்கள் கைக்குழந்தையோடு ராத்திரியில் நடக்கிறார்கள். தோளை உரசிக்கொண்டு லாரி போகிறது. தார் முடிகிற இடத்தில் சரளையும் பள்ளமும்தான், ஒதுங்க இடமில்லை. அந்தச் சாலையில் முதலில் நடந்தவர்களுக்கே இன்று அங்கே இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டுச்சாலையிலிருந்து பெரியபாளையம் வரை ஒரு ஓரமாவது நடைபாதையும் விளக்கும் அமைக்க நெடுஞ்சாலைத் துறை முன்வர வேண்டும். அடுத்த ஆடிக்குள் உங்கள் நிருபர் ஒருவரை ஒரு சனிக்கிழமை இரவு அங்கே அனுப்பி, நடப்பவர்களிடம் பேசி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.