ஒன்றரை மைல்

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கு நலம். சென்ற சனிக்கிழமை அவள் என்னை இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள ஊல்ஸ்தார்ப் என்னும் சிற்றூருக்குக் காரில் அழைத்துச் சென்றாள். 1642-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நியூட்டன் பிறந்த பண்ணைவீடு அங்குதான் இருக்கிறது.

வெளிறிய சுண்ணாம்புக்கல்லால் கட்டிய, பெரிய ஆடம்பரம் இல்லாத மாடிவீடு. கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது அவர் இங்கு வந்து தங்கி, ஜன்னல் வழியே வந்த வெயிலை முப்பட்டகத்தில் செலுத்தி ஆராய்ந்தார். 1820-இல் புயலில் சாய்ந்து, மீண்டும் வேர்பிடித்துத் தழைத்த ஆப்பிள் மரம் முன்னால் நிற்கிறது. பழம் அவர் தலையில் விழுந்ததென்று நான் வகுப்பில் சொல்லிவந்தது வெறும் கதைதான். என் மாணவர்கள் மன்னிக்கட்டும்.

எல்லோரும் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் நினைவு முழுவதும் அவருடைய தாய் ஹன்னாவிடமே இருந்தது. பிள்ளை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே கணவரை இழந்த அவள், அவனுக்கு மூன்று வயதானபோது ஸ்மித் என்ற பாதிரியாரை மணந்து, மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஒன்றரை மைல் தொலைவிலிருந்த அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். அவர் இறந்த பிறகு, 1653-இல்தான் திரும்பி வந்தாள். பத்தொன்பது வயதில் தன் பாவங்களைப் பட்டியலிட்ட நியூட்டன், ஸ்மித்தையும் தாயையும் வீட்டோடு கொளுத்திவிடுவேன் என்று மிரட்டியதையும் அதில் எழுதியிருக்கிறார். படிப்பை நிறுத்தி அவரை விவசாயத்தில் இறக்கப் பார்த்தவளும் அவள்தான், அது பலிக்கவில்லை.

ஆயினும் 1665 மே மாதம் அவள் மகனுக்கு எழுதிய சிறு கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. எழுத்துப்பிழைகள் மலிந்த அந்தச் சில வரிகளில் தாயன்பையும் பிரார்த்தனையையும் தவிர வேறு செய்தி அதிகம் இல்லை. 1679-இல் அவள் காய்ச்சலில் கிடந்தபோது நியூட்டன் வந்து, இரவெல்லாம் கண்விழித்து, கொப்புளங்களுக்குத் தம் கையாலேயே மருந்திட்டாராம்.

உன் நான்காம் வயதில் எனக்குப் பணிமாறுதல் வந்து, உன்னைப் பாட்டியிடம் இரண்டு ஆண்டுகள் விட்டிருந்தேன். அப்போது வாரந்தோறும் உன் பெயருக்கு ஓர் இன்லாண்டு கடிதம் போடுவேன். அவற்றைப் பாட்டி உனக்குப் படித்துக் காட்டினாளா என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
அம்மா